விண்டோஸை மறுபடி நிறுவிய பின் திறக்க மறுக்கும் மறையாக்கக் கோப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸில் கோப்புகளையும் கோப்புறைகளையும் தனித்தனியாகப் பூட்டிவைக்க உதவும் இஎஃப்எஸ் என்ற மறையாக்க வசதியைப் பற்றியே இங்கே பெரும்பாலும் பேசப்படுகிறது. விண்டோஸிலேயே உள்ள பிட்லாக்கர், லினக்ஸ் வகையான உபுண்டு, வெராகிரிப்ட் என்ற தனி மறையாக்க மென்பொருள் ஆகியவை கடைசியில் சுருக்கமாக வருகின்றன. கடவுச்சொல் பற்றிச் சொல்வதெல்லாம் கணினியிலேயே உருவாக்கிய உள்ளூர்க் கணக்குகளுக்குப் பொருந்தும்.

சி டிரைவை மட்டும்தான் ஃபார்மட் செய்தேன். டி டிரைவில் கை வைக்கவே இல்லை. அதிலுள்ள கோப்புகள் ஏன் திறக்கவில்லை?

பெட்டி டி டிரைவில் இருந்தது, சாவி சி டிரைவில் இருந்தது. நடந்தது அவ்வளவுதான்.

கோப்பின் பண்புகளுக்குள் சென்று மறையாக்கத்துக்கான கட்டத்தில் எப்போதோ ஒரு முறை டிக் செய்திருப்பீர்கள். அன்று முதல் அந்தக் கோப்பின் பெயர் விண்டோஸ் 7 போன்ற பழைய பதிப்புகளில் பச்சை எழுத்தில் தெரிந்திருக்கும். விண்டோஸ் 10இல் கோப்பின் சின்னத்தின் ஓரத்தில் சிறு பூட்டு இருந்திருக்கும். திறக்கும்போது எதுவும் கேட்காததால் நாளடைவில் பூட்டியதே மறந்துபோகும். இந்த வசதியின் அழகும் ஆபத்தும் அந்த அமைதியில்தான் இருக்கின்றன.

உள்ளே நடப்பது இது. ஒவ்வொரு கோப்புக்கும் விண்டோஸ் தனியாக ஒரு சாவியை உருவாக்கி, அதைக்கொண்டு கோப்பைப் பூட்டுகிறது. 2000ஆம் ஆண்டு விண்டோஸ் 2000உடன் இந்த வசதி வந்தபோது டெஸ்எக்ஸ் என்ற மறையாக்க முறை பயன்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து 256 பிட் சாவி கொண்ட ஏஇஎஸ் முறை பயன்படுகிறது. அந்தச் சாவியை, பூட்ட மட்டுமே உதவும் உங்கள் பொதுச்சாவியால் பூட்டி, கோப்புடனேயே டி டிரைவில் வைத்துவிடுகிறது. அதைத் திறக்க உங்கள் தனிச்சாவி வேண்டும். அது சி டிரைவில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் இருக்கிறது. அந்தத் தனிச்சாவியும் வெளிப்படையாகக் கிடப்பதில்லை. மாஸ்டர் கீ என்ற இன்னொரு சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. மாஸ்டர் கீயைத் திறப்பது நீங்கள் கணினிக்குள் நுழையத் தட்டும் கடவுச்சொல். விண்டோஸை மறுபடி நிறுவியபோது இந்தத் தொடரின் நடுவிலுள்ள இரண்டு கண்ணிகள், தனிச்சாவியும் மாஸ்டர் கீயும், அகன்றுவிட்டன. கோப்பு கெடவில்லை. சில கிலோபைட் அளவுள்ள அந்த இரண்டும் எங்காவது மிச்சமிருக்கின்றனவா என்பதுதான் இனி ஒரே கேள்வி.

இப்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் செய்யாமல் கணினியை அணைத்துவிடுங்கள். புதிய மென்பொருள் நிறுவுவது, விண்டோஸ் அப்டேட், டிஸ்க் கிளீனப், "மீட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் ஏதோ ஒன்றைப் பதிவிறக்கி அதே சி டிரைவில் போட்டுப் பார்ப்பது ஆகிய எல்லாமே பழைய சாவி கிடந்த இடத்தின்மேல் புதிதாக எழுதக்கூடியவை. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, முழு வட்டையும் செக்டர் செக்டராக ஒரு பிம்பக் கோப்பாக நகலெடுத்துவிட்டு, அந்த நகலில்தான் எல்லாச் சோதனைகளையும் செய்ய வேண்டும். பூட்டிய கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுக்க முயன்றால் சாவியில்லாமல் அதுவும் நடக்காது என்பதாலேயே முழு வட்டின் பிம்பம் தேவைப்படுகிறது.

பழைய பயனர் பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே மறுபடி வைத்தேன். அப்போதும் திறக்கவில்லையே?

பெயர் நமக்காக இருப்பது. விண்டோஸ் கணக்கை அடையாளம் காண்பது எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணைக்கொண்டு. புதிதாக நிறுவும்போது அந்த எண் புதிதாகப் பிறக்கிறது. அதைவிட முக்கியம், தனிச்சாவி உங்கள் கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு வருவதன்று. முதன்முதலாக ஒரு கோப்பைப் பூட்டியபோது தற்செயல் எண்களைக்கொண்டு உருவானது. அதே கடவுச்சொல்லை ஆயிரம் முறை தட்டினாலும் அதே சாவி மறுபடி உருவாகாது. கடவுச்சொல் சாவிக்கு உறை மட்டுமே.

நிர்வாகி கணக்கில் நுழைந்து கோப்பின் உரிமையை மாற்றிக்கொண்டால்?

பயனில்லை. "அணுகல் மறுக்கப்பட்டது" என்ற ஒரே செய்தி இரண்டு வெவ்வேறு காரணங்களுக்காக வருகிறது. அனுமதி இல்லாததால் வந்தால் உரிமையை மாற்றினால் தீரும். மறையாக்கத்தால் வந்தால் உரிமை உங்கள் பெயருக்கு வரும், கோப்பு திறக்காது. இரண்டில் எது என்று தெரியாமல் வட்டு முழுவதற்கும் உரிமையை மாற்றிவிட்டு வருபவர்கள் பலர். அதனால் மறையாக்கத்துக்குக் கெடுதல் எதுவும் இல்லை, நேரம்தான் வீண்.

என் கோப்பு எந்தச் சாவியால் பூட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். பலர் தாண்டிச் சென்றுவிடும் படி இதுதான். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் சைஃபர் என்ற கட்டளையைச் சாய்கோடும் சி எழுத்தும் சேர்த்துக் கோப்பின் பெயருடன் கொடுத்தால், அந்தக் கோப்பைத் திறக்க உரிமையுள்ள பயனர் யார், அவருடைய பொதுச்சாவியைத் தாங்கிய சான்றிதழின் கைரேகை எண் எது என்ற விவரம் வரும். அந்த எண் 40 எழுத்துகள் கொண்டது. மீட்பு முகவர், அதாவது பிறர் பூட்டிய கோப்புகளையும் திறக்க உரிமை பெற்றவர், யாராவது இருந்தால் அதுவும் கீழே தெரியும்.

அந்த 40 எழுத்துகளையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய பயனர் கோப்புறையில் சான்றிதழ்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு சான்றிதழும் தன் கைரேகை எண்ணையே கோப்பின் பெயராகக் கொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் தேடிவந்த சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஒத்துப்போகாவிட்டால், அது எத்தனை அழகாகப் பாதுகாக்கப்பட்டிருந்தாலும் இந்தக் கோப்புக்கு உரியதன்று. நீங்கள் ஒருவேளை இதற்கும் முந்தைய விண்டோஸில் பூட்டியிருப்பீர்கள். ஒரே டி டிரைவில் மூன்று தலைமுறை விண்டோஸின் பூட்டுகள் அடுக்கடுக்காக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

சான்றிதழைக் காப்புநகல் எடுத்துவைத்திருக்கிறேன். என்ன செய்வது?

அப்படியானால் இந்தப் பக்கத்தின் மீதி உங்களுக்குத் தேவையில்லை. பிஎஃப்எக்ஸ் என்று முடியும் அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கி, காப்புநகல் எடுத்தபோது கொடுத்த கடவுச்சொல்லைத் தந்து, தனிப்பட்ட சான்றிதழ்க் கிடங்கில் சேர்த்துவிட்டால் கோப்புகள் உடனே திறக்கும். அந்தக் கடவுச்சொல் கணினிக்குள் நுழையும் கடவுச்சொல்லாக இருக்க வேண்டியதில்லை. சிஇஆர் என்று முடியும் கோப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் அதில் பொதுச்சாவி மட்டுமே இருக்கும். அதைக்கொண்டு பூட்டலாம், திறக்க முடியாது.

காப்புநகல் இல்லை. ஆனால் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்று ஒரு கோப்புறை இருக்கிறது.

நல்ல செய்தி. ஃபார்மட் செய்யாமல் அதே பகுதியில் நிறுவியதால் பழைய விண்டோஸ் அந்தக் கோப்புறைக்குள் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவசரம் காட்ட வேண்டும். விண்டோஸ் 10இலும் 11இலும் பதிப்பு மேம்படுத்தலுக்குப் பின் இந்தக் கோப்புறைக்கு வழக்கமான ஆயுள் 10 நாள்தான்; பிறகு கணினி தானாகவே நீக்கிவிடும். நீங்கள் செய்தது புதிய நிறுவலாக இல்லாமல் மேம்படுத்தலாக இருந்து, கெடுவும் முடியாமல் இருந்தால், அமைப்புகளில் மீட்பு என்ற பகுதிக்குச் சென்று முந்தைய பதிப்புக்கே திரும்பி, கோப்புகளைத் திறந்து, சான்றிதழைக் காப்புநகல் எடுத்துவிட்டு மறுபடி மேம்படுத்துவதே மிக எளிய வழி.

அது முடியாவிட்டால், பழைய பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று வரிசையாக உள்ளே சென்று மூன்று கோப்புறைகளைத் தேட வேண்டும். கிரிப்டோ என்பதற்குள் ஆர்எஸ்ஏ என்ற கோப்புறையில் தனிச்சாவி இருக்கும். புரொடெக்ட் என்பதில் மாஸ்டர் கீ இருக்கும். சிஸ்டம்சர்டிஃபிகேட்ஸ் என்பதில் சான்றிதழ் இருக்கும். முதல் இரண்டிலும் எஸ்ஐடி எண்ணையே பெயராகக் கொண்ட ஓர் உட்கோப்புறை காணப்படும். இவற்றில் பல மறைக்கப்பட்ட கோப்புகள் என்பதால், மறைந்தவற்றையும் இயங்குதளக் கோப்புகளையும் காட்டச் சொல்லாவிட்டால் வெறும் கோப்புறையாகத் தெரிந்து ஏமாற்றும். எக்ஸ்பி காலத்து வட்டு என்றால் பயனர் கோப்புறை டாக்குமென்ட்ஸ் அண்டு செட்டிங்ஸ் என்பதன் கீழே இருக்கும்.

இந்த மூன்றும், பழைய கடவுச்சொல்லும் கிடைத்துவிட்டால் மீட்பு உறுதி என்றே சொல்லலாம். இவற்றைப் புதிய பயனர் கோப்புறைக்குள் வெறுமனே நகலெடுத்துப் போட்டால் வேலை செய்யாது. எஸ்ஐடி மாறிவிட்டதால் புதிய விண்டோஸ் அவற்றை ஏற்காது. தொடரைப் படிப்படியாக அவிழ்க்கும் கருவி வேண்டும். எல்காம்சாஃப்ட் நிறுவனத்தின் அட்வான்ஸ்டு இஎஃப்எஸ் டேட்டா ரெக்கவரி இதற்கென்றே உள்ள கட்டண மென்பொருள். வட்டைத் துழாவிச் சாவிகளைத் தானே கண்டுபிடித்து, கடவுச்சொல்லைக் கேட்டு, கோப்புகளை எடுத்துத் தரும். கட்டளைகளுக்குப் பழகியவர்கள் மிமிகாட்ஸ் என்ற இலவசக் கருவியைக்கொண்டு இதையே கையால் செய்து பிஎஃப்எக்ஸ் கோப்பை உருவாக்கலாம். கடவுச்சொல் திருடவும் பயன்படும் கருவி என்பதால் வைரஸ் தடுப்பான்கள் அதைக் கண்டவுடன் அலறும். முக்கியக் கணினியில் வைத்து இயக்காதீர்கள்.

"பழைய கடவுச்சொல்" என்றால் எது? நான் பல முறை மாற்றியிருக்கிறேன்.

பழைய விண்டோஸில் கடைசியாக இருந்த கடவுச்சொல். நீங்களே முறைப்படி, பழையதைத் தந்து புதியதாக மாற்றியிருந்தால், மாஸ்டர் கீயும் புதிய கடவுச்சொல்லுக்கு ஏற்ப மறுபடி பூட்டப்பட்டிருக்கும். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை ஒரு நிகழ்ச்சியைக்கொண்டு சொல்கிறேன்.

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து விண்டோஸ் 7 கணினி ஒன்று என் மேசைக்கு வந்தது. மனுக்களின் வரைவுகள் முழுவதும் டி டிரைவில் பச்சை எழுத்தில் நின்றன. சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு இருந்தது, மூன்று கோப்புறைகளும் இருந்தன, கைரேகை எண்ணும் ஒத்துப்போனது. அவர் எழுதிக்கொடுத்த கடவுச்சொல் மட்டும் மாஸ்டர் கீயைத் திறக்கவில்லை. அந்தக் கடவுச்சொல்லில்தான் கடைசி நாள்வரை வேலை பார்த்ததாக உறுதியாகச் சொன்னார். மறுபடி மறுபடி கேட்டபோதுதான் முழுக் கதையும் வந்தது. விண்டோஸை மாற்றுவதற்கு முன்பே கோப்புகள் திறக்காமல் போயிருக்கின்றன. விண்டோஸ் கெட்டுவிட்டது என்று எண்ணித்தான் மறுபடி நிறுவச் சொல்லியிருக்கிறார். அதற்குச் சில நாள் முன்பு அவர் கடவுச்சொல்லை மறந்துவிட, குமாஸ்தா நிர்வாகி கணக்கின் வழியாக நுழைந்து புதியதொன்றை வைத்துக்கொடுத்திருக்கிறார்.

வேறொரு கணக்கிலிருந்து இப்படி வலிந்து மாற்றும்போது விண்டோஸிடம் பழைய கடவுச்சொல் இல்லை. எனவே மாஸ்டர் கீ பழைய பூட்டுடனேயே நின்றுவிடும். மறையாக்கிய கோப்புகளை இழப்பீர்கள் என்று விண்டோஸ் அப்போதே எச்சரிக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அன்றே பழைய கடவுச்சொல்லை நினைவுபடுத்தி அதையே திரும்ப வைத்திருந்தால் எல்லாம் திறந்திருக்கும், விண்டோஸை மாற்றவே வேண்டியிருந்திருக்காது. வலிந்து மாற்றியதற்கு முந்தைய கடவுச்சொல், வழக்குக் குறிப்பேட்டின் பின்னட்டையில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. அதைத் தட்டியதும் முதல் வரைவு திறந்தது.

கடவுச்சொல் அறவே நினைவில் இல்லை என்றால்?

நீங்கள் வழக்கமாக வைக்கும் சொற்கள், பிறந்த ஆண்டுகள், வண்டி எண்கள் இவற்றைக்கொண்டு ஒரு பட்டியல் தயாரித்து, மேலே சொன்ன கருவிகளிடம் கொடுத்து முயலலாம். பலவீனமான கடவுச்சொல் இந்த ஓர் இடத்தில் மட்டும் உங்களுக்கு உதவும். பழைய சி டிரைவில் சாம், சிஸ்டம் என்ற பதிவேட்டுக் கோப்புகள் மிஞ்சியிருந்தால் ஊகங்களை அவற்றில் விரைவாகச் சோதித்துக்கொள்ளலாம். அவற்றிலிருந்து எடுக்கும் ஹாஷ், அதாவது கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு வைத்த குறியீடு, மட்டும் மாஸ்டர் கீயைத் திறக்காது. உள்ளூர்க் கணக்குக்கு மூலக் கடவுச்சொல்லே தேவை. நான்கு இலக்கப் பின் எண்ணைத் தட்டிப் பழகியவர்கள் கவனிக்க: பின் வேறு, கடவுச்சொல் வேறு. பழைய கணக்குக்குக் கடவுச்சொல்லே வைத்திருக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். வெற்றுக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும்.

சி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டேன். நம்பிக்கை உண்டா?

எப்படி ஃபார்மட் செய்தீர்கள், எந்த வகை வட்டு என்பதைப் பொறுத்தது. விரைவு ஃபார்மட் பட்டியலைத்தான் அழிக்கிறது, உள்ளடக்கத்தை அன்று. பழைய சுழலும் வட்டாக இருந்து, புதிய விண்டோஸ் எழுதாத இடத்தில் அந்தச் சிறு கோப்புகள் கிடந்தால், நீக்கிய கோப்புகளைத் தேடும் கருவி அவற்றைக் கண்டெடுக்கக்கூடும். அவை சிறியவை என்பது இங்கே சாதகமும் பாதகமும்: சிதறாமல் ஒரே இடத்தில் இருக்கும், ஆனால் அதன்மேல் ஒரே ஒரு முறை எழுதினாலே முழுவதும் போய்விடும். முழு ஃபார்மட் என்றால், விஸ்டாவிலிருந்து வட்டு முழுவதும் பூஜ்யங்கள் எழுதப்படுவதால், எதுவும் மிஞ்சாது. எஸ்எஸ்டி என்றால் டிரிம் என்ற ஏற்பாடு காலியான இடங்களை உடனுக்குடன் துடைக்கச் சொல்வதால் பெரும்பாலும் கைவிட வேண்டியதுதான்.

ஆனால் டி டிரைவில் இன்னொரு கதவு உண்டு. ஏற்கெனவே சாதாரணமாக இருந்த ஒரு கோப்பைப் பிற்பாடு மறையாக்கியிருந்தால், விண்டோஸ் அந்த வேலையின்போது பூட்டாத ஒரு தற்காலிக நகலை எடுத்து, முடிந்ததும் நீக்குகிறது. நீக்கினாலும் அது வட்டின் காலி இடத்தில் கிடக்கும். சைஃபர் கட்டளைக்குக் காலி இடத்தைத் துடைக்கும் ஒரு வசதியைச் சேர்த்திருப்பதே இந்த எச்சத்துக்காகத்தான். ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவியைக்கொண்டு டி டிரைவின் காலி இடத்தைத் துழாவினால், பெயரில்லாமல், தேதியில்லாமல், ஆனால் திறந்த நிலையில் சில படங்களும் ஆவணங்களும் கிடைக்கலாம். மறையாக்கிய கோப்புறைக்குள்ளேயே பிறந்த கோப்புகளுக்கு இது பொருந்தாது.

பிறருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய கோப்புகள் பூட்டில்லாமலேயே போயிருக்கும். அனுப்பிய அஞ்சல்களைத் தேடிப் பாருங்கள். விண்டோஸ் 7 காலத்தில் பென்டிரைவில் எடுத்த நகல்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

அலுவலகக் கணினி. எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் இணைந்திருந்தது.

தொழில்நுட்பப் பிரிவைக் கேளுங்கள். டொமைனில் மீட்பு முகவர் ஒருவர் இயல்பாகவே அமைக்கப்படுவார். அவருடைய சாவி, டொமைனை முதன்முதலாக அமைத்த சர்வரின் நிர்வாகி கணக்கில் இருக்கும். அந்தச் சான்றிதழின் காலம் மூன்று ஆண்டில் முடிந்திருந்தாலும், தனிச்சாவி இருந்தால் பழைய கோப்புகளைத் திறக்கலாம். தனிக் கணினிகளில் விண்டோஸ் 2000 மட்டும் நிர்வாகியை இப்படி முகவராக்கியது. எக்ஸ்பியிலிருந்து அந்த ஏற்பாடு இல்லை.

சாவியே இல்லாமல் "நூறு சதவீதம் மீட்டுத் தருவோம்" என்கிறார்களே?

நம்ப வேண்டாம். 256 பிட் சாவியின் வாய்ப்புகளை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது யாராலும் ஆகாது. சொல்பவர் பழைய சி டிரைவைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்டால் வேலை தெரிந்தவர். கோப்பை மட்டும் அனுப்பச் சொல்லி முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

லினக்ஸில் இணைத்துப் பார்த்தால் திறக்குமா?

அனுமதிகளை லினக்ஸ் பொருட்படுத்தாது. மறையாக்கத்தை அதனாலும் மீற முடியாது. ஆனால் பிஎஃப்எக்ஸ் கோப்பு கையில் இருந்தால், விண்டோஸ் வட்டுகளை லினக்ஸில் படிக்க உதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி தொகுப்புடன் வரும் என்டிஎஃப்எஸ்டிக்ரிப்ட் என்ற கருவியைக்கொண்டு விண்டோஸ் இல்லாமலேயே திறக்கலாம்.

என்னுடையது பிட்லாக்கர். இதே விதிதானா?

இல்லை. பிட்லாக்கர் முழு டிரைவையும் பூட்டுகிறது. அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. டி டிரைவ் முன்பு தானாகத் திறந்துகொண்டிருந்தால், அதற்கான சாவி பழைய சி டிரைவில் இருந்தது. இப்போது கடவுச்சொல்லையோ அந்த 48 இலக்கங்களையோ கொடுத்தால் திறந்துவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கம், அச்சிட்ட தாள், பென்டிரைவிலுள்ள உரைக்கோப்பு ஆகிய இடங்களில் தேடுங்கள். திரையில் தெரியும் சாவி அடையாள எண்ணும் தாளிலுள்ளதும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புதிதாக நிறுவும்போது ஹோம் பதிப்பிலும் இந்தப் பூட்டைத் தானாகவே போடுவதால், நான் பூட்டவே இல்லை என்று சொல்பவர்களும் ஒரு முறை அந்தக் கணக்கில் பார்ப்பது நல்லது.

உபுண்டுவில் மறையாக்கிய ஹோம் கோப்புறை? வெராகிரிப்ட்?

18.04க்கு முந்தைய உபுண்டுவில் ஹோம் கோப்புறையை மறையாக்கியிருந்தால், ஹோமுக்குக் கீழே .ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற மறைந்த கோப்புறையில் சாவி உறையிட்டு வைக்கப்பட்டிருக்கும். அதுவும் பழைய கடவுச்சொல்லும் இருந்தால் ஈகிரிப்ட்எஃப்எஸ்-ரெக்கவர்-பிரைவேட் என்ற கட்டளையே வேலையை முடித்துவிடும். அது இல்லாவிட்டால், அன்று எழுதிவைக்கச் சொன்ன 32 எழுத்துச் சரம் வேண்டும்.

வெராகிரிப்டுக்கும் இயங்குதளத்துக்கும் தொடர்பே இல்லை. கடவுச்சொல்லும், வைத்திருந்தால் சாவிக்கோப்பும் போதும். பூட்டிய பகுதியை விண்டோஸ் அடையாளம் காணாமல் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டாலும், விரைவு ஃபார்மட் என்றால், பகுதியின் கடைசியில், சாவி வைக்கப்பட்டிருக்கும் தலைப்பின் காப்புநகல் ஒன்று இருக்கிறது, அதைக்கொண்டு திறந்துபார்க்கலாம்.

கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. பணம் கேட்டு ஓர் உரைக்கோப்பும் இருக்கிறது.

அது பணயத் தீநிரல் (ரான்சம்வேர்), வேறு சிக்கல். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல் துறையும் பாதுகாப்பு நிறுவனங்களுடன் சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் உங்கள் வகைக்கு இலவசத் திறப்பான் உண்டா என்று பாருங்கள்.

கோப்புகள் திறந்துவிட்டன. அடுத்து?

முதலில் அவற்றைப் பூட்டில்லாமல் வேறொரு வட்டில் நகலெடுங்கள். பிறகு மறையாக்கம் தொடர்ந்து வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். வேண்டும் என்றால், சைஃபர் கட்டளையை எக்ஸ் எழுத்துடன் கொடுத்தோ, சான்றிதழ் மேலாளரைத் திறந்து தனிச்சாவியுடன் ஏற்றுமதி செய்தோ பிஎஃப்எக்ஸ் கோப்பை எடுத்து, இந்தக் கணினிக்கு வெளியே இரண்டு இடங்களில் வையுங்கள். சைஃபர் கட்டளையை யூ, என் என்ற இரண்டு எழுத்துகளுடன் இயக்கினால் கணினியில் எங்கெங்கே பூட்டிய கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் தரும், எதையும் மாற்றாது. அடுத்த முறை விண்டோஸை மாற்றக் கணினியைக் கடைக்குக் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.